எண்ணிக்கை எங்கிருந்து வந்தது?

(கிளை அங்கத்தினர் வகுப்பில் ஆற்றிய உரை)

 

விடிவதற்கு முன்னே மரத்துக்குப் போய், பால் நிறுத்து, வீட்டு வேலையையும் ஒருவாறு முடித்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறோம். உடல் முடியாமற் போன ஒரு தொழிலாளிக்கு உதவித்தொகை இல்லையென்று சொல்வதற்குப் பல இடங்களில் ஓர் எண்ணிக்கையே போதுமானதாயிருக்கிறது. "இவரால் பழைய வேலையைச் செய்ய முடியாது, வாஸ்தவம். ஆனால் இவர் உட்கார்ந்து செய்யக்கூடிய வேறு வேலைகள் இத்தனை இருக்கின்றனவே" என்று ஒருவர் சொல்கிறார். சொன்னதும் பேச்சு முடிந்துபோகிறது. அந்த எண்ணிக்கையை எப்படிக் கேள்வி கேட்பது என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் எங்கள் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் என்றால், ஆபீஸில் உட்கார்ந்து செக்ரோல் எழுதுகிற கிராணிமார்களாகிய எங்கள் குற்றம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தோட்டத்தில் நாங்கள் வேலையிலிருந்தோம். முப்பது ஆண்டுக்கு மேல் பால் வெட்டிய பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார். எல்லோரும் அவரை மாமா என்றே கூப்பிடுவோம். மேட்டுக்காட்டில் பால் வாளியோடு சறுக்கி விழுந்தவருக்கு இடுப்பு போயிற்று. ஆஸ்பத்திரி டாக்டர் இனி மரம் வெட்டக்கூடாது என்று எழுதிவிட்டார். உடல்நிலை காரணமாக வேலையிலிருந்து விலக்கி, சேர வேண்டிய தொகையைக் கொடுங்கள் என்று மாமா கேட்டார். அப்போது மேலிடத்திலிருந்து ஆபீஸுக்கு ஒரு வரிக் கடிதம் வந்தது: "இத்தோட்டத்தில் இலகு வேலைகள் எத்தனை?"

நாங்கள் பழைய செக்ரோலைப் புரட்டி எண்ணினோம். புகைக்கொட்டகையில் ஷீட்டு பிரிப்பது ஐந்து. நாற்று மேடை மூன்று. ஆயாக்கொட்டகை இரண்டு. ஜாகா இரண்டு. தப்பால் ஒன்று. பங்களாத் தோட்டம் ஒன்று. கூட்டினால் 14. அழகாக டைப் அடித்துக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டோம். பதினைந்து நிமிஷ வேலை. அந்தப் பதினைந்து நிமிஷத்தில் மாமாவின் மனு தள்ளுபடியாயிற்று. இலகு வேலை 14 இருக்கும்போது விலக்குவானேன் என்று பதில் வந்தது.

மாமா கைத்தடி ஊன்றி ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "ஐயா, நீங்க எழுதின பதினாலுல நான் எதுல போய் உக்கார்றது, அதையும் நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. புகைக்கொட்டகை மூடி நாலு வருஷம்; பால் லாரியில் போய்க்கொண்டிருந்தது. நாற்று வேலை கண்டிராக்டில் போயிற்று. ஆயாக்கொட்டகையில் பிள்ளையே இல்லை. ஜாகா வேலைக்கு வெளிக் கம்பெனி ஆள் வந்தாயிற்று. தப்பால் மோட்டார் சைக்கிளில் போகிறது. இடுப்பொடிந்தவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுவாரா? உண்மையில் இருந்தது பங்களாத் தோட்ட வேலை ஒன்று. அதிலும் குனிந்து புல் பிடுங்க வேண்டும். நாங்கள் பொய் எழுதவில்லை. புத்தகத்தில் இருந்ததைத்தான் எழுதினோம். புத்தகம் பழசு. அந்த 14 எப்படி வந்தது என்று ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை.

அந்த வெட்கத்தில்தான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தோம். படித்ததில், இதே கதை பெரிய அளவில் அமெரிக்காவில் நடப்பதைக் கண்டோம். அங்கே இந்த எண்ணிக்கையை வைத்து அறுபது ஆண்டுகளாக வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். தோற்றும் ஜெயித்தும் சில உபாயங்களைக் கற்றிருக்கிறார்கள். நமக்கும் அவை பயன்படும்.

அமெரிக்காவில் 1956ஆம் ஆண்டு, ஐசனோவர் ஜனாதிபதியாயிருந்தபோது, உடல் முடியாமற் போன தொழிலாளிக்கு மாதாமாதம் தொகை கொடுக்கும் சட்டம் வந்தது. அது தர்மப் பணம் அல்ல. சம்பளத்திலிருந்து பிடித்த பணம். நம்முடைய பெர்க்கேசோ சந்தாவைப் போன்றதென்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 12 மாதம் நீடிக்கக்கூடிய அல்லது உயிரைக் கொண்டுபோகக்கூடிய நோயோ ஊனமோ இருந்து, அதனால் சம்பாத்தியமுள்ள எந்த வேலையும் செய்ய முடியவில்லையென்றால் தொகை உண்டு.

"எந்த வேலையும்" என்ற அந்தச் சொல்லில்தான் சண்டை ஆரம்பம். 1960ஆம் ஆண்டு நியூயார்க்கிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஹென்றி ஃப்ரெண்ட்லி என்ற நீதிபதி ஒரு தீர்ப்புச் சொன்னார். இந்த மனிதரால் என்ன செய்ய முடியும்? அவ்வளவு மட்டுமே செய்யக்கூடியவருக்கு வெளியில் என்ன வேலை கிடைக்கும்? இந்த இரண்டு கேள்விக்கும் சாட்சியம் வேண்டும் என்றார் அவர். ஏட்டளவில் ஏதோ வேலை செய்ய முடியும் என்று சர்க்கார் சொல்லிவிட்டால் போதாது. இதன் பின்புதான், வேலைச் சந்தையை அறிந்தவர் என்று சொல்லப்படும் தொழில் நிபுணர்களை இலாகா விசாரணைக்கு அழைக்கத் தொடங்கியது. யோசித்துப் பார்த்தால் தொழிலாளிக்குச் சாதகமான தீர்ப்பிலிருந்தே இந்த நிபுணர் பிறந்தார். நமக்கென்று கேட்டு வாங்கிய குடை நம் தலையிலேயே விழுந்த கதை.

1967இல் காங்கிரஸ் சட்டத்தை இறுக்கியது. அந்த வேலை நீ குடியிருக்கும் ஊரில் இருக்க வேண்டியதில்லை. அங்கே காலி இடம் இருக்க வேண்டியதில்லை. நீ போய்க் கேட்டால் உன்னை எடுத்துக்கொள்வார்களா என்பதும் கேள்வியில்லை. உன் வட்டாரத்திலோ நாட்டின் பல வட்டாரங்களிலோ அப்படிப்பட்ட வேலை கணிசமான எண்ணிக்கையில் இருந்தால் போதும், உனக்குத் தொகை கிடையாது. இப்படி எழுதிவிட்டார்கள். கணிசம் என்றால் எவ்வளவு? சட்டத்தில் இல்லை. கலிபோர்னியா முதலிய மேற்கு மாநிலங்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம், நாடு முழுவதும் 1,680 வேலை என்றால் அது கணிசமல்ல என்று 2012இல் சொல்லிற்று. 25,000 என்றால் கணிசந்தான் என்று 2014இல் சொல்லிற்று. ஆகவே ஒரு தொழிலாளியின் வாழ்வு அந்த எண்ணிக்கையின் அளவிலேயே நிற்கிறது.

விசாரணை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். இலாகாவின் நிர்வாக நீதிபதி ஒருவர் அமர்ந்திருப்பார். மனுதாரர் தம் வலியையும் வேலையையும் சொல்வார். ஐந்து படிகளில் கேள்வி போகும். பழைய வேலையைச் செய்ய முடியாது என்பதை நாலாவது படிவரை தொழிலாளி காட்ட வேண்டும். ஐந்தாவது படியில் பாரம் இலாகாவின் தலைக்கு மாறுகிறது; வேறு வேலை இருக்கிறது என்று காட்டுவது இலாகாவின் கடமை. இதை நீங்கள் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலை இல்லை என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. இருக்கிறது என்று அவர்கள்தாம் காட்ட வேண்டும்.

அந்தக் கட்டத்தில் நிபுணரைக் கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் டெலிபோனில் பேசுவார். அவருக்குக் கூலி கொடுப்பது இலாகா. நீதிபதி ஒரு கற்பனை மனிதனை அவர் முன் நிறுத்துவார். இன்ன வயது, இன்ன படிப்பு, பத்து ராத்தலுக்கு மேல் தூக்க மாட்டான், எட்டு மணியில் ஆறு மணி உட்காருவான், ஏணி ஏற மாட்டான், இப்படிப்பட்டவனுக்கு வேலை உண்டா என்று கேட்பார். நிபுணர் மூன்று வேலைப் பெயரைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பரும் நாட்டில் எத்தனை வேலை என்ற கணக்கும் சொல்வார். ஐந்து நிமிஷம் ஆகாது. மனுதாரர் வீட்டுக்குப் போய்ப் பல வாரம் காத்திருப்பார்.

அந்த வேலைப் பெயர்கள் எங்கிருந்து வருகின்றன? அமெரிக்கத் தொழில் இலாகா வெளியிட்ட தொழிற்பெயர் அகராதி ஒன்று இருக்கிறது. முதற்பதிப்பு 1939. நாலாம் பதிப்பு 1977. கடைசித் திருத்தம் 1991. அதற்குப் பின் அந்த இலாகாவே அந்த அகராதியைக் கைவிட்டு வேறு முறைக்குப் போய்விட்டது. ஆனால் உதவித்தொகை இலாகா விடவில்லை. பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வேலைப் பெயர்கள் அதில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றை 1977க்குப் பின் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொட்டைகளில் சொத்தை பொறுக்குகிறவர், கடித உறைமேல் கையாலோ டைப்ரைட்டராலோ விலாசம் எழுதுகிறவர், காற்றுக் குழாயில் காகிதத்தை ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்கு அனுப்புகிறவர், மைக்ரோபிலிம் எடுப்பதற்குக் காகிதம் அடுக்குகிறவர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். நடன மண்டபத்தில் வருகிறவர்களை வரவேற்கிறவர்கூட இருக்கிறார்! இடுப்பொடிந்த கட்டடத் தொழிலாளியைப் பார்த்து, நீ போய் உறைக்கு விலாசம் எழுதலாமே என்று இந்தக் காலத்தில் சொன்னார்கள் என்றால் நம்புவீர்களா? சொன்னார்கள். 2022 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை இதையெல்லாம் விரிவாக எழுதிய பிறகுதான் நாடு முழுவதும் தெரியவந்தது. எங்களுடைய புகைக்கொட்டகை ஐவரை நினைத்துக்கொண்டோம்.

இனி எண்ணிக்கைக்கு வருகிறோம். தாய்மார்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

அகராதியில் வேலைப் பெயர் இருக்கிறது. எத்தனை பேர் செய்கிறார்கள் என்ற கணக்கு இல்லை. கணக்கு இருப்பது இன்னோரிடத்தில். தொழிலாளர் புள்ளிவிவர நிலையம் என்ற சர்க்கார் ஸ்தாபனம், முதலாளிகளிடம் விவரம் வாங்கி ஆண்டுதோறும் எண்ணுகிறது. ஆனால் அது தனித்தனி வேலையாக எண்ணுவதில்லை. நாட்டின் வேலைகளையெல்லாம் ஏறக்குறைய 830 கூட்டமாகக் கட்டி, கூட்டம் கூட்டமாக எண்ணுகிறது. பன்னிரண்டாயிரம் பெயர்களை 830 கூட்டத்தில் அடைத்தால் என்ன ஆகும்? "ஏனைய உற்பத்தித் தொழிலாளர்" என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அதற்குள் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட அகராதிப் பெயர்கள் கிடக்கின்றன. கூட்டத்துக்குத்தான் கணக்கு. பெயருக்குக் கணக்கு இல்லை. அப்படியானால் நிபுணர் சொல்லும் எண்ணிக்கை?

நம் செக்ரோலை வைத்தே சொல்கிறோம். வெளிக்காட்டு வேலை என்று ஒரு தலைப்பில் 60 பேர் என்று எழுதியிருக்கிறோம். அந்தத் தலைப்புக்குள் ஆறு வேலை: புல் வெட்டுவது, மருந்தடிப்பது, உரம் போடுவது, கான் வெட்டுவது, ரோடு போடுவது, கன்றுகளுக்கு நம்பர் கட்டுவது. நம்பர் கட்டுவது இலகு வேலை. அதில் எத்தனை பேர் என்று வெளியார் ஒருவர் கேட்கிறார். நாம், 60ஐ 6ஆல் வகுத்து 10 பேர் என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் 48 பேர் புல் வெட்டுகிறார்கள்; நம்பர் கட்டுவது ஆண்டில் இரண்டு நாள், ஒரு பையன். ஆனால் காகிதத்தில் 10.

அமெரிக்க நிபுணர்களில் பலர் இப்படித்தான் வகுத்தார்கள். சமபங்கு முறை என்று இதற்குப் பெயர். சிக்காகோவிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைப் பல தீர்ப்புகளில் கண்டித்தது. 2018இல் ஒரு வழக்கில், இந்த முறையால் வந்த கணக்கு ஏன் நம்பத்தக்கது என்பதற்கு நிபுணர் ஒரு காரணமும் சொல்லவில்லை என்று வழக்கையே திருப்பி அனுப்பியது. வேறு சிலர் வகுக்கவுமில்லை. முழுக் கூட்டத்தின் கணக்கையும் ஒரே வேலைக்குச் சொன்னார்கள். இன்னும் சிலர் "என் அனுபவத்தில்" என்றார்கள். அனுபவத்தை எப்படி எண்ணுவது?

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. அந்தப் புள்ளிவிவர நிலையம் முழுநேர வேலையையும் அரைநேர வேலையையும் ஒன்றாகவே எண்ணுகிறது. உதவித்தொகைச் சட்டமோ வாரம் ஐந்து நாள், நாளைக்கு எட்டு மணி வேலை செய்ய முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும். இரண்டு மணிநேர வேலைகளையும் சேர்த்துக் கணக்குச் சொல்லி, பார், இத்தனை வேலை என்றால் அது எப்படி நியாயமாகும்?

நிபுணர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஊனமுற்றவர்களுக்கு வேலை தேடிக்கொடுத்து வாழ்க்கை நடத்தியவர்கள் அவர்களில் பலர். கேட்கப்பட்ட கேள்விக்கு ஓர் எண் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்கிறார்கள். எங்களுக்கு அந்த நிலைமை நன்றாகத் தெரியும்.

இந்த விஷயம் 2019இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. மிச்சிகன் மாநிலத்துக் கட்டடத் தொழிலாளி ஒருவர். தச்சு வேலையும் பொது வேலையும் செய்தவர். முதுகு கெட்டது, ஈரலில் நோய், மனச்சோர்வு. அவருடைய விசாரணையில் நிபுணர், உட்கார்ந்து சாமான் பொருத்தும் வேலை 240,000, தரம் பிரிக்கும் வேலை 120,000 என்றார். எங்கிருந்து இந்தக் கணக்கு என்று தொழிலாளியின் வக்கீல் கேட்டார். சர்க்கார் புள்ளிவிவரமும், தாம் சொந்தமாக நடத்திய ஆய்வுகளும் என்றார் நிபுணர். அந்த ஆய்வுகளைக் காட்ட முடியுமா? அவை வாடிக்கைக்காரரின் ரகசியக் கோப்பில் இருக்கின்றன என்றார். பெயர்களை மறைத்துவிட்டுக் காட்டலாமே என்று வக்கீல் கேட்க, நிபுணர் வாயைத் திறக்குமுன் நீதிபதி குறுக்கிட்டு, அதைக் காட்டச் சொல்லி நான் உத்தரவிடப் போவதில்லை என்றுவிட்டார்.

அந்தத் தொழிலாளிக்கு 50 வயது நிறைந்த நாளிலிருந்து தொகை கிடைத்தது, ஏனென்றால் அந்த வயதுக்கு விதி கொஞ்சம் இளகுகிறது. அதற்கு முந்திய மூன்றரை ஆண்டுக்கு இல்லை. அந்த மூன்றரை ஆண்டைத்தான் அவர் சுப்ரீம் கோர்ட்வரை கேட்டுப் போனார்.

அதுவரை சிக்காகோ நீதிமன்றம், கேட்டால் காட்ட வேண்டும் என்ற விதியைக் கடைப்பிடித்து வந்தது. சுப்ரீம் கோர்ட்டில் ஆறு நீதிபதிகள் அப்படிப் பொது விதி கிடையாது என்றார்கள். ஆதாரத்தைக் காட்டாத காரணத்துக்காகவே அந்தச் சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது; வழக்குக்கு வழக்குப் பார்க்க வேண்டும் என்று நீதிபதி எலினா கேகன் எழுதினார். காரணமில்லாமல் மறைத்தாலோ நிபுணர் தடுமாறினாலோ அது அவருக்கு எதிராக நிற்கலாம் என்பதையும் சேர்த்தே எழுதினார். மூன்று நீதிபதிகள் மாறுபட்டார்கள். காட்டாத ஆதாரத்தை நம்பு என்று சொன்னால் அது ஆதாரமாகுமா என்பது நீதிபதி கோர்சச் எழுதியதன் சாரம். நீதிபதி கின்ஸ்பர்க் அவரோடு சேர்ந்தார். நீதிபதி சோட்டோமயோர் தனியே மறுப்பு எழுதினார். கோர்சச் பொதுவாகத் தொழிலாளர் பக்கம் சாய்பவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவருக்கே இது பொறுக்கவில்லை.

தொழிலாளி தோற்றார். ஆனாலும் அந்தத் தோல்வியிலிருந்து வக்கீல்கள் ஒன்றைப் புரிந்துகொண்டார்கள். ஆதாரத்தைக் காட்டு என்று கேட்டுவிட்டு நின்றால் போதாது. அவர் எண்ணுக்கு எதிராக நம் எண்ணை வைக்க வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. நிபுணர்கள் பலர் பயன்படுத்தும் ஜாப் பிரௌசர் புரோ என்ற கம்ப்யூட்டர் சாதனம் கடையில் விலைக்குக் கிடைக்கிறது. ஒரு வேலை எந்தெந்தத் தொழிற்சாலைகளில் நடக்கிறதோ அந்தத் துறைகளின் கணக்கை மட்டும் எடுத்து அது மதிப்பிடும். தொழிலாளியின் பக்கத்தார் அதே சாதனத்தை வாங்கி அதே வேலையைப் போட்டுப் பார்த்தார்கள். நிபுணர் சொன்னதில் சிறு பங்குகூட வரவில்லை. 2022இல் மேற்கு மாநிலங்களின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒரு வழக்கைத் திருப்பி அனுப்பி, இந்த வித்தியாசத்தை விளக்கு என்றது. ஆனால் 2023இல் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில், வெறும் அச்செடுத்த காகிதத்தை நீட்டினால் செல்லாது என்றுவிட்டது. எந்தக் கேள்வியைப் போட்டார்கள், எந்த ஆண்டுக் கணக்கு, அதை எப்படிப் படிப்பது என்று ஒருவரும் விளக்கவில்லையாம். நிபுணர் எண் எப்படி வந்தது என்று நாம் கேட்கிறோம். நம் எண் எப்படி வந்தது என்று அவர்கள் கேட்டால் பதில் வேண்டாமா?

நேரமும் முக்கியம். 2017இல் அந்த நீதிமன்றம் ஒரு மனுதாரரின் ஆட்சேபத்தைக் காது கொடுத்தே கேட்கவில்லை. காரணம், வக்கீல் கூட இருந்தும் விசாரணையிலோ இலாகாவின் அப்பீலிலோ அதை எழுப்பவில்லை. பெரட்டில் பேர் விடுபட்டதை அன்று காலையிலேயே சொல்லாமல், சம்பள நாளில் வந்து சொன்னால் என்ன நடக்குமென்று உங்களுக்குத் தெரியாதா?

அங்கே அனுபவப்பட்டவர்கள் கேட்கும் கேள்விகளைப் பார்த்தால் படித்த வக்கீல்தான் கேட்க முடியும் என்றில்லை. உண்மையில் வக்கீலல்லாதவர்களும் அங்கே மனுதாரருக்காக ஆஜராகலாம். இந்த எண் எந்தக் கூட்டத்திலிருந்து எடுத்தது? அந்தக் கூட்டத்துக்குள் எத்தனை பெயர்? எப்படிப் பிரித்தீர்கள்? அரைநேர வேலையைக் கழித்தீர்களா? இந்த வேலையை நீங்கள் கண்ணால் பார்த்தது எப்போது? இதில் யாரையாவது சேர்த்துவிட்டிருக்கிறீர்களா? இவ்வளவுதான். கோபப்படாமல், நிறுத்தி, பதில் முழுவதும் பதிவாகிற மாதிரி கேட்பார்கள்.

எண்ணிக்கையைத் தொடாமலே அதைக் கரைக்கிற வழியும் உண்டு. கற்பனை மனிதனை மாற்றுவது. "அய்யா, அந்த மனிதனுக்கு வலி அதிகமாகி மாதத்தில் இரண்டு மூன்று நாள் வர முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எத்தனை வேலை?" பெரும்பாலான நிபுணர்கள் ஒன்றுமில்லை என்றே சொல்வார்கள். "வேலை நேரத்தில் ஏழில் ஒரு பங்கு படுத்துக்கொள்ள வேண்டியிருந்தால்?" அப்போதும் இல்லை. "இரண்டு கையும் ஓயாமல் அசைக்க முடியாதென்றால்?" உட்கார்ந்து செய்கிற சாதாரண வேலைகளில் பெரும்பாலானவை போய்விடுகின்றன, ஏனென்றால் அவையெல்லாம் இரண்டு கையையும் நம்பிய வேலைகள். நாற்பது ஆண்டு உளி பிடித்த கை எப்படி மரத்துப் போகுமென்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் டாக்டர் சீட்டில் "முதுகு வலி" என்ற இரண்டு சொல்லோடு நின்றுவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்க இடமே இல்லை. மாதத்தில் எத்தனை நாள் முடியாது, எத்தனை நிமிஷம் உட்கார முடியும், கை எவ்வளவு மடங்கும் என்று எழுதி வாங்க வேண்டும்.

இத்தனை ஆண்டு கேட்டதற்குப் பலன் இல்லாமற் போகவில்லை. 2024 ஜூனில் இலாகா ஒரு பட்டியல் வெளியிட்டது. அகராதியிலுள்ள 114 அருகிப்போன வேலைகளைச் சொல்லி இனி யாருக்கும் தொகையை மறுக்கக்கூடாது என்றது. வேறு 13 வேலைகளை, இன்றைக்கும் அவை கணிசமாக இருக்கின்றன என்பதற்குத் தனிச் சாட்சியம் இல்லாமல் சொல்லக்கூடாது என்றது. நாம் பார்த்த கொட்டை பொறுக்குகிறவரும், விலாசம் எழுதுகிறவரும், காற்றுக் குழாய்க்காரரும், நடன மண்டபத்தாரும் அந்தப் பதின்மூன்றில் இருக்கிறார்கள். 2025 ஜனவரியில் அமலுக்கு வந்த வழிமுறைப்படி, நிபுணர் தம் கணக்கு எந்த ஆதாரத்திலிருந்து வந்ததென்று சொல்ல வேண்டும்; தேவையான இடத்தில், எப்படி மதிப்பிட்டார் என்பதையும் விளக்க வேண்டும். மிச்சிகன் தொழிலாளி தோற்று ஐந்தாறு ஆண்டு கழித்து, அவர் வக்கீல் கேட்ட கேள்வியை இலாகாவே எழுதி வைத்துக்கொண்டது. அகராதி மட்டும் போகவில்லை.

இங்கே நமக்கென்ன என்று சிலர் முகத்தில் கேள்வி தெரிகிறது. நம் நாட்டில் 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவைப் பாருங்கள். இயலாமைப் பென்ஷன் வேண்டுமானால், நிரந்தரமான நோயால் சம்பாத்தியமுள்ள எந்த வேலையும் செய்ய முடியாமலிருக்க வேண்டும். உடம்புக்கு ஏற்ற வேலை செய்தும், நல்ல உடம்புள்ள தொழிலாளி வழக்கமாகச் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க இயலாமலிருக்க வேண்டும். டாக்டர்கள் அமர்ந்த மெடிக்கல் போர்டு அதைப் பார்க்கிறது. "உடம்புக்கு ஏற்ற வேலை" என்ற சொல் இங்கேயும் இருக்கிறது, கவனித்தீர்களா? போர்டின் முன் போகிறவர், மரம் வெட்ட முடியவில்லை என்பதோடு பேச்சை நிறுத்திவிடுகிறார். வேறு வேலை என்ன செய்து பார்த்தேன், எத்தனை நாள் தாங்கினேன், என்ன கூலி வந்தது என்று சொல்வதில்லை. சொல்ல அவரிடம் காகிதமும் இல்லை. காகிதம் எங்கள் ஆபீஸில் இருக்கிறது.

மாமாவின் விஷயத்தில் நாங்கள் இரண்டாவது கடிதம் எழுதினோம். கையெழுத்து வாங்குவது லேசாயில்லை. முன்பு 14 என்று எழுதிய நீங்களே இப்போது 1 என்றால் எது உண்மை என்று கேட்டார்கள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே கடைசியாக அதில் பேர் விழுந்த தேதியைச் செக்ரோலிலிருந்து எழுதிக் காட்டினோம். புகைக்கொட்டகைக்கு எதிரே நாலு வருஷத்துக்கு முந்திய தேதி நின்றது. அதற்குப் பின்பு எவரும் பேசவில்லை. மாமாவுக்குத் தொகை கிடைத்தது, பதினோரு மாதம் கழித்து. அந்தப் பதினோரு மாதமும் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது அவருடைய மகள் இரண்டு நிரை வெட்டியதால். அதை நாங்கள் மறக்கவில்லை.

ஆகையால் கிராணித் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இலகு வேலை எத்தனை என்று யார் கேட்டாலும் வெறும் எண்ணை எழுதாதீர்கள். வேலையின் பெயர், எந்த இடத்தில், ஒரு நாளைக்கு எத்தனை மணி, என்ன தூக்க வேண்டும், இப்போது அதைச் செய்கிறவர் உண்டா, கடைசியாகச் செக்ரோலில் பேர் விழுந்த தேதி எது என்று கட்டம் போட்டு எழுதுங்கள். ஒரு பிரதியைச் சம்பந்தப்பட்ட தொழிலாளியின் கையில் கொடுங்கள். வெட்டுத் தோழர்கள், இலகு வேலைக்கு மாற்றப்பட்டால் முதல் நாளிலிருந்தே தேதியும் கூலியும், முடியாமல் பாதியில் திரும்பிய நாளும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எழுத வராதவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள்.

கட்டம் போட்ட தாளில் ஐம்பது பிரதி கொண்டுவந்திருக்கிறோம், காரியதரிசியிடம் இருக்கிறது. கீழ் டிவிஷனிலிருந்து மூவர் தங்களுக்கு வந்த கடிதங்களை எடுத்து வந்திருப்பதாகச் சொன்னார்கள். தேநீர் குடித்த பின் அவற்றைப் பிரித்து, அவற்றிலுள்ள எண்கள் எப்படி வந்தன என்று சேர்ந்தே பார்ப்போம்.